அச்சாரமாய்ப் போன தலைமயிர்

என் மனைவிக்குக் கவலை வந்தால் சாமிக்கு ஏதாவது நேர்ந்துவிடுவாள். எனக்குக் கவலை வந்தால் வாய்க்காலுக்குப் போய் மண்வெட்டி கழுவுவேன். கழுவின மண்வெட்டியைத் திரும்பவும் கழுவுவேன். இரண்டும் ஒரே வேலைதான். ஆனால் அவளுடைய வேலையில் வீட்டில் சாமான் குறையும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, குளத்துக்குக் கீழே காணி எடுத்து வயல் செய்கிற ஆட்கள் நாங்கள். சைக்கிள் எடுத்தால் முள்ளியவளைக்குப் போய் மதியத்துக்குள் திரும்பலாம். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினவன். எழுதுவேன். நீட்டி எழுத வராது.

அந்த வருடங்களில் கவலைக்குக் குறைவில்லை. மண்ணெண்ணெய் இல்லை, உரம் இல்லை, நெல்லை அறுப்போமா விட்டுவிட்டு ஓடுவோமா என்று தெரியாது. அவள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்தாள். முதல் பூசணிக்காய் பிள்ளையாருக்கு. பசு கன்று போட்டால் முதல் பால் அம்மனுக்கு. விமானம் தாழப் பறந்த அன்று பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டே தென்னையில் இரண்டு குலையைக் கொடுத்தாள். மேலே ஏறி எண்ணவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

சிவப்புச் சேவலை வைரவருக்கு நேர்ந்திருந்தாள். அந்த வைரவர் எங்கள் சொந்த ஊரில், யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். சண்டையால் பாதை பூட்டியாயிற்று. சேவல் போகமுடியாது, வைரவர் வரமுடியாது. நேர்ந்துவிட்டதைக் கொல்லக் கூடாது, அடிக்கவும் கூடாது. சேவலுக்கும் அது தெரியும். நான் வெறும் பருப்போடு சோறு தின்னும்போது முன்னால் வந்து நின்று ஒரு பக்கக் கண்ணால் பார்க்கும்.

எல்லாவற்றையும் கொடுத்தவள், தன் வெற்றிலைத் தட்டத்தை மட்டும் எந்தச் சாமிக்கும் காட்டவில்லை. விடிந்ததும் ஒரு வாய், படுக்கும்போது ஒரு வாய், இடையில் கணக்கில்லை. வெற்றிலை தட்டுப்பாடான நாட்களிலும் எங்கேயோ எடுத்துவிடுவாள்.

பக்கத்துக் காணியில் ஒரு பெண் இருந்தாள். முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்து இடம்பெயர்ந்து வந்த வேதக்காரி. களப்பு மீன் வாங்கிக் கருவாடு போட்டு விற்பாள். புருஷன் இல்லை. பயம் இல்லை. அந்தோனியார் சிலை ஒன்றை நெல்லுச் சாக்குக்குள் வைத்துக் கொண்டுவந்தவள். வந்த நாளில் இருந்து என் மனைவிக்கும் அவளுக்கும் வேலியடியில் ஓயாத சண்டை. ஒருநாள் சண்டை இல்லையென்றால் இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

"உங்கட சாமியளெல்லாம் யாழ்ப்பாணத்தில நிண்டிட்டினம் அக்கா. என்ர அந்தோனியாரைப் பாருங்கோ. என்னோடயே இடம்பெயர்ந்து வந்தவர்."

"வந்து என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்ல. அதுதான் சுவரைப் பாக்கத் திருப்பி வச்சிருக்கிறன். நான் கடற்கரைக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு வழி காட்டட்டும். பிறகு முகத்தைப் பாக்கிறன்."

சுவர் என்று அவள் சொன்னது ஓலைக் கிடுகு. அந்தோனியார் மாதக் கணக்கில் கிடுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்களுக்கு ஒரே ஒரு மகள். கட்டிக்கொடுத்து வவுனியாவில் இருந்தாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவது நின்றது. மருமகன் வேலைக்கென்று மத்திய கிழக்குக்குப் போயிருந்தான். பிள்ளைத்தாய்ச்சி ஒரு வாடகை அறையில் தனியாய் இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியை விட்டுத் தூரம் போகாதே என்று டொக்டர் சொன்னதால் எங்களிடம் வரவும் வழியில்லை.

அந்தச் செய்தி வந்த அன்று நான் வாய்க்காலுக்குப் போய்விட்டு வந்தேன். மனைவி வாசலில் நின்றாள்.

"இஞ்சருங்கோ. முருகனுக்கு மொட்டை நேர்ந்திட்டன். பிள்ளை உயிரோட பிறந்தால் எங்கட ஊர்க் கோயிலில போய் அடிக்கிறது."

"ஆரின்ர தலை?"

"உங்கட."

"உன்ர தலைக்கு என்ன?"

"பொம்பிளையள் மொட்டை அடிச்சால் சனம் கதைக்கும். இனிக் கத்தி படக்கூடாது. தாடியும் அப்பிடித்தான்."

சவரக்கத்தியைத் துடைத்துக் கூரையில் செருகினேன். அவளோடு பேசி வென்றது இல்லை.

முடி வளர்ந்தது. தாடி வளர்ந்தது. நெல்லுச் சூடடிக்கும்போது வைக்கோல் தூசி தாடிக்குள் போய்க் குடியிருக்கும். வெயிலில் தலை அரிக்கும். மாடு என்னைக் கண்டு ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பக்கத்துக் காணிக்காரி வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, எங்கட கோயில் சுவரில இருக்கிற இராயப்பர் மாதிரியே இருக்கிறியள். கையில மோட்ச வாசல் திறப்பு மட்டுந்தான் குறை."

"திறப்பு இருந்தால் முதல் யாழ்ப்பாணப் பாதையையெல்லோ திறந்திருப்பம்," என்றாள் மனைவி.

எனக்குத் தாடி பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மகளை நினைத்துக் கவலை வரும்போது கை தானாய்த் தாடிக்குப் போகும். தடவிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு வேலை நடக்கிற மாதிரி இருக்கும். மண்வெட்டி கழுவத் தேவை இல்லாமல் போயிற்று.

வவுனியாவுக்குப் போய்வருகிற வியாபாரி ஒருவர் இருந்தார். சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு வருவார், கூடவே செய்தியும் வரும். ஒருநாள் காலை வந்து சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்.

"மகளை ஆஸ்பத்திரியில மறிச்சுப்போட்டாங்கள். பிரஷர் கூடிப்போச்சாம். வெட்டித்தான் பிள்ளையை எடுக்கவேணுமாம். பக்கத்தில நிக்க ஒராள் வேணும். கெதியா வெளிக்கிடுங்கோ."

மனைவிக்குப் போகமுடியாது. ஒருமுறை ஓடும்போது அவளுடைய அடையாள அட்டை பெட்டியோடு போய்விட்டது. அட்டை இல்லாமல் சோதனைச் சாவடி தாண்டி ஆமிக்காரர் ஒருவரையும் அந்தப் பக்கம் விடமாட்டார்கள். என்னுடையது இருந்தது. எடுத்து வந்தேன். வியாபாரி வாங்கிப் பார்த்தார். படத்தில் சுருட்டை மயிரும் மீசையுமாய் ஒருவன் இருந்தான்.

"இது ஆர் அண்ணை?"

"நான்."

"அங்க நிக்கிற ஆமிக்காரன் கேக்கேக்க இப்பிடி ஒரு சொல்லுச் சொன்னால் காணாது. இந்தக் கோலத்தோட போனால் திருப்பித்தான் விடுவாங்கள். வழிச்சுப்போட்டுப் போங்கோ."

அவர் போய்விட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வழித்தால் மகளிடம் போகலாம், ஆனால் அவளுக்காக வைத்த நேர்த்தி பிள்ளை பிறக்கமுன்னமே முறியும். வழிக்காவிட்டால் நேர்த்தி நிற்கும், மகள் கத்திக்குத் தனியாய்ப் போவாள்.

மனைவி குசினி அடுப்படிக்குப் பக்கத்தில் சாமிப்படம் வைத்த தட்டுக்கு முன்னால் போய் இருந்தாள். நான் வெளியே நின்றேன். கிடுகுக்கு வாய் இல்லை, ஆனால் ஒரு பேச்சையும் மறைக்காது.

"இஞ்ச பார் முருகா. பிள்ளை பிறந்தால் தாறன் எண்டுதான் சொன்னனான். இப்ப அதுக்கு முதல் வெட்டவேண்டிக் கிடக்கு. ஏமாத்துறன் எண்டு நினைச்சுப்போடாத. உன்ர கோயிலுக்குப் பாதையைப் பூட்டினது நானோ? அட்டை கேக்கிறது நானோ? அந்தாள் ஒரு வாயில்லாத மனிசன், அதுக்கும் தாடியைக் குடுத்து வச்சிருக்கிறன். நீயும் பழனியில மொட்டையாத்தானே நிக்கிறாய். உனக்கு விளங்காதே?"

 முருகன் என்ன சொன்னாரோ தெரியாது. அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வந்தாள். அப்படி வந்தால் தீர்ப்பு ஆகிவிட்டது என்று அர்த்தம்.

"அச்சாரம்," என்றாள்.

"என்ன?"

"காணி வாங்கேக்க முதல் அச்சாரம் குடுக்கிறேல்லையே? குடுத்தால் காணிக்காரன் பிறகு மாறேலாது. நாங்கள் முடியை முதல் குடுக்கிறம். இனி முருகன்தான் எங்களுக்குத் தரவேணும்."

"முருகன் யாழ்ப்பாணத்தில."

"குளக்கட்டில பிள்ளையார் இருக்கிறார். அண்ணனிட்டக் குடுத்தால் தம்பியிட்டப் போய்ச் சேராதே?"

வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"அக்கா, மனிசர்தான் மனிசரைக் கடன்காரர் ஆக்கிறது. நீங்கள் சாமியையே பிடிச்சு எழுதி வாங்கிப் போட்டியளே!"

"நீ கதையாத. முதல் உன்ர அந்தோனியாரைத் திருப்பி வை."

முடி வெட்டுகிற தம்பியைக் குளக்கட்டுக்குக் கூட்டிவந்தேன். பிள்ளையாருக்கு எதிரே, மருதமரத்துக்குக் கீழே குந்தினேன். மனைவி மஞ்சள் துணியும் பால்மாத் தகர ரின் ஒன்றும் கொண்டுவந்தாள், முடியைப் பத்திரப்படுத்த. பக்கத்துக் காணிக்காரி பார்க்க வந்தாள். சேவலும் பின்னால் வந்தது.

முடிவெட்டுகிறவர் தாடியை எடுத்தார். தலையில் கை வைத்து நின்றார்.

"கட்டையா வெட்டிவிடட்டோ அக்கா, அண்ணைக்கு வடிவா இருக்கும்?"

"நேர்ந்தது மொட்டை."

மொட்டை அடித்தார். பிறகு கேட்டார்.

"மீசை?"

"சாமிக்குக் குடுக்கிறதில மிச்சம் பிடிக்கிறதோ? எல்லாம் எடும்."

எல்லாம் எடுத்தார். ரின் நிரம்பியது. மனைவி அதை மஞ்சள் துணியால் கட்டிப் பிள்ளையாருக்குக் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமித்தட்டில் வைத்தாள். எனக்குத் தலை குளிர்ந்தது. அன்றே வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

மாங்குளத்தில் ஒரு தேநீர்க் கடையில் நின்றேன். கொட்டில்தான். ஆனால் கடைக்காரர் ஒரு கண்ணாடி தொங்கவிட்டிருந்தார். வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். பிறகு மடியில் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். திரும்பக் கண்ணாடியைப் பார்த்தேன்.

அட்டையில் சுருட்டை மயிரும் மீசையும். கண்ணாடியில் தேங்காய்.

தாடிக்காரனை விடமாட்டார்கள் என்று பயந்து மொட்டைக்காரனாய் வந்திருக்கிறேன். குளக்கட்டில் நாங்கள் நாலு பேர் நின்றோம். பிள்ளையாரும் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒருவருக்கும் தோன்றவில்லை.

மயிர் முளைக்கும்வரை மாங்குளத்தில் இருக்க முடியாது. மகள் அங்கே. தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

சோதனைச் சாவடியில் வரிசை நீளம். என் முறை வந்தது. ஆமிக்காரன் பெடியன். என் மகளைவிட இளையவன். கையில் வெள்ளை நூல் கட்டியிருந்தான், அவர்களுடைய கோயிலில் ஓதிக் கட்டுகிற நூல். அழுக்கேறிக் கறுத்துப் போயிருந்தது. அட்டையைப் பார்த்தான். துவாயைக் கழற்றச் சொல்லிக் கை காட்டினான். கழற்றினேன். பின்னால் நின்றவர்கள் யாரோ சிரித்தார்கள்.

அவனுக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது.

"ஐயா, இது நீங்க இல்லே."

"நான்தான்."

"இதுல முடி இருக்கு. உங்களுக்கு இல்லே."

"இருந்தது."

"எங்கே?"

"கோயிலுக்கு."

"ஏன்?"

"மகளுக்குப் பிள்ளை. ஆஸ்பத்திரி. வெட்டப் போறாங்கள்."

என் வாழ்க்கையில் ஒரு ஆமிக்காரனோடு இவ்வளவு நீளம் பேசினது அன்றுதான். அவன் யோசித்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் அட்டையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். முதலாமவன் பெருவிரலைப் படத்தின் தலையில் வைத்து மயிரை மறைத்தான். விரல் பெரிது, முகமே மறைந்துபோயிற்று. எடுத்துவிட்டுச் சின்னவிரலை வைத்தான். மற்றவன் தன் சின்னவிரலால் மீசையை மறைத்தான். இடையில் கண்ணும் மூக்கும் மட்டும் நின்றன. அட்டையை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இருவரும் நெடுநேரம் பார்த்தார்கள். நான் மூச்சு விடவில்லை. விட்டால் மூக்கு மாறிவிடும் என்று பயம்.

"மூக்கு சரி," என்றான் மற்றவன்.

முதலாமவன் அட்டையைத் தந்தான். தன் கையில் கட்டின நூலைத் தொட்டுக் காட்டினான். "அம்மா," என்றான். பிறகு, "பாப்பா நல்லா வரும். போங்க."

போனேன். அவனுடைய தாயும் எங்கேயோ இருந்து யாருக்கோ அச்சாரம் கொடுத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் மகளைக் கண்டேன். உள்ளே கொண்டுபோகிற நேரம். முகம் வீங்கிக் கிடந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. நான் "பிள்ளை" என்று கூப்பிட்டதும் கையைப் பிடித்தாள். பிறகு கதவு மூடிவிட்டது.

வெளியில் ஒரு மரத்தின் கீழே இருந்தேன். பக்கத்தில் வாய்க்கால் இல்லை. மண்வெட்டி இல்லை. தடவத் தாடியும் இல்லை. கை இரண்டும் சும்மா கிடந்தன. அப்போதுதான் விளங்கியது. அவள் நேர்வது சாமியை வாங்குவதற்கு இல்லை. கையைச் சும்மா வைத்திருக்க ஏலாது, அதற்கு.

சரி, நானும் ஒருமுறை நேருவோம் என்று நினைத்தேன். எதை? பூசணி பிள்ளையாருக்குப் போயிற்று. பால் அம்மனுக்கு. தேங்காய் போயிற்று. சேவல் வைரவருடையது. தலை ரின்னுக்குள். வளவு முழுக்க மனதால் நடந்து பார்த்தேன். எனக்கென்று அவள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

கடைசியில் ஒன்று தட்டுப்பட்டது.

"முருகா," என்றேன். வாய்விட்டு அல்ல. "தாயும் பிள்ளையும் பிழைக்கட்டும். அந்தப் பிள்ளை எழும்பி நடக்கும்வரை என்ர மனிசி வெத்திலை தொடமாட்டாள்."

மனம் லேசாகிவிட்டது. மற்றவரின் சாமானை நேர்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் அவள் ஏன் அதைச் செய்தாள் என்றும் விளங்கியது.

பெண்பிள்ளை பிறந்தது. தாயும் சுகம். மகள் கண் விழித்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, எனக்கு வெட்டேக்க உங்களுக்கும் வெட்டினவங்களோ?"

"சிரியாத. தையல் விரியும்."

சிரித்தாள். நோகிறது என்று அழுதுகொண்டும் சிரித்தாள். பேத்தியின் தலையைப் பார்த்தேன். ஒரு தலை நிறைய மயிர். நெற்றிவரை வந்து கிடந்தது. முருகன் அச்சாரத்தைத் திருப்பித் தந்துவிட்டாரோ என்று ஒரு யோசனை வந்தது. சொல்லவில்லை.

மருமகனின் தாய் வந்து பொறுப்பெடுக்கும்வரை நின்றேன். பிறகு ஊருக்குத் திரும்பினேன். தலையில் முள்ளு முள்ளாய் முளைத்திருந்தது. சாவடியில் வேறு ஒருவன் நின்றான். வெளியே போகிறவனை ஒருவரும் விரல் வைத்துப் பார்ப்பதில்லை.

மனைவி படலையில் நின்றாள். பிள்ளை எப்படி, தாய் எப்படி, எத்தனை கிலோ, யார் சாயல் எல்லாம் கேட்டாள். பதில் சொன்னேன். சொல்லிக்கொண்டே பார்த்தேன். அவளுடைய உதடு வெளிறிக் கிடந்தது. கட்டின நாளில் இருந்து சிவக்காத உதட்டை நான் பார்த்தது இல்லை. யாரோ வேறு பெண்பிள்ளை மாதிரி இருந்தாள்.

"வெத்திலை எங்க?"

அவள் வேறு பக்கம் பார்த்தாள். பக்கத்துக் காணிக்காரி வேலியால் சொன்னாள்.

"அதையேன் கேக்கிறியள் அண்ணை. நீங்கள் மொட்டையோட போன பிறகுதான் அட்டையில மயிர் இருக்கிறது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. நிண்ட இடத்திலயே தலையில கையை வச்சா. நீங்கள் உயிரோட திரும்பி வந்து படலையைத் திறக்கும்வரை வெத்திலை தொடுறேல்ல எண்டு நேர்ந்திட்டா. அந்த நாளில இருந்து என்னைக் கடிக்காத குறை."

 எனக்குத் தெரிந்து அவள் தன்னுடையதை நேர்ந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் எனக்காக.

"இந்தாங்கோ அக்கா," என்று பக்கத்துக் காணிக்காரி வேலிக்கு மேலால் ஒரு சுருள் வெற்றிலை நீட்டினாள். இந்த நாளுக்கென்று ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்திருக்கிறாள். "அண்ணை வந்திட்டார். நேர்த்தி முடிஞ்சுது. போடுங்கோ. எனக்கும் நிம்மதி."

மனைவி கை நீட்டி வாங்கினாள். வெற்றிலையின் காம்பைக் கிள்ளினாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். பேத்தி பிறந்த செய்திக்கும் அவ்வளவு இல்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் தாயும் பிள்ளையும் பிழைத்திருக்கிறார்கள். வாங்கினவன் கொடுக்கத்தான் வேண்டும்.

"பொறு," என்றேன்.

"என்ன?"

"நானும் நேர்ந்தனான்."

"நீங்களோ?" அவள் நம்பவில்லை. "என்னத்தை?"

வெற்றிலையைப் பார்த்தேன். அவள் வெற்றிலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளைக்கு?"

"பிள்ளை நடக்கும்வரை."

 வேலிக்கு அந்தப் பக்கம் வந்த சிரிப்பில் மாடு மிரண்டது.

"என்ர வெத்திலையை நேர நீங்கள் ஆர்?" என்றாள் மனைவி.

 முள்ளு முளைத்த தலையை ஒருமுறை தடவினேன். அவ்வளவுதான்.

அவள் கொஞ்ச நேரம் என்னை முறைத்தாள். பிறகு உள்ளே போனாள். வெற்றிலைத் தட்டத்தைத் துடைத்து, சாமித்தட்டில், என் முடி இருந்த ரின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்த சத்தம் முருகனுக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான்.

அதற்குப் பிறகு அவள் எதிர்காலத்தைப் பற்றி வேறு கவலைப்படவில்லை. நெல்லைப் பற்றிக் கேட்கவில்லை. விமானம் வந்தால் பதுங்குகுழிக்குள் ஒன்றும் நேராமல் பேசாமல் இருப்பாள். வவுனியாவுக்குப் போய்வருகிற வியாபாரியின் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் ஓடுவாள்.

முதல் தடவை அவர் வந்தபோது பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை.

"மகளும் பிள்ளையும் சுகம் அக்கா," என்றார் அவர்.

"அது சரி," என்றாள் இவள். "பிள்ளை நடக்கிறாளோ?"